மறு: ‘டி-1’ மாற்றத்துக்குத் தமிழில் என்ன?

ஐயா, வணக்கம்.

திசுவில் செல்கள் தங்கள் அண்டைச் செல்லை மாற்றிக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘டி-1’ மாற்றம் (T1 transition) என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்கு இதற்காக நீங்கள் முன்வைத்த ‘டி-1 இடமாற்றம்’ எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. இதில் எந்தச் செல்லும் பெயருக்குக்கூட இடம்பெயர வேண்டியதில்லை. (அரசு ஊழியர் வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள், அது வேறு கதை.)

திசுவைக் கணக்கில் வரைந்து பார்க்கும் முனை மாதிரியில் (vertex model) ஒவ்வொரு செல்லும் ஒரு பலகோணம். அ, ஆ என்ற இரு செல்களுக்கு ஒரு பொது விளிம்பு. அதன் ஒரு நுனியில் இ, மறுநுனியில் ஈ. விளிம்பு சுருங்கிக்கொண்டே வந்து ஒன்றுமில்லாமல் போகும்போது நான்கும் ஒரே புள்ளியில் கூடுகின்றன. அப்புறம் குறுக்குவாட்டில் புது விளிம்பு திறக்கிறது. இப்போது தொட்டுக்கொள்வது இ-யும் ஈ-யும். அ, ஆ தலா ஒரு பக்கத்தை இழக்க, மற்ற இரண்டும் தலா ஒன்றைப் பெறுகின்றன. மொத்தக் கணக்கு மாறுவதில்லை. பழ ஈயின் கருவில் உடற்பகுதி இரண்டு மடங்குக்கு மேல் நீள்வதில் பெரும்பங்கு இதற்குத்தான். அங்கே மையோசின் என்ற, இழுத்துச் சுருக்கும் புரதம் சேர்ந்த விளிம்புகள் சுருங்குகின்றன.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று மதுரை கோரிப்பாளையம் நெரிசலில் நின்றவர்களுக்கு இது புரியும். நின்ற இடம் அதேதான். தோளில் உரசுகிற ஆள் மட்டும் மாறியிருப்பார்.

அதனால் ‘அண்டைமாற்று’ என்கிறேன். ‘தொடுமாற்றம்’ என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்டைச் செல் மாறாமலே விளிம்பு நீண்டாலும் குறுகினாலும் அதுவும் தொடுகையில் வரும் மாற்றம்தானே? அங்கே குழம்பும்.

இன்னொரு வசதி, இது மற்ற சொற்களோடு ஒட்டும். இந்த மாற்றத்துக்குத் தேவைப்படும் ஆற்றலை ‘அண்டைமாற்றுத் தடை’ எனலாம். செல்லின் சுற்றளவைப் பரப்பளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு மாதிரியில் ஓர் இலக்கு வைப்பார்கள். அது ஏறத்தாழ 3.81-ஐத் தாண்டினால் அண்டைமாற்றுத் தடை மறைந்து, திசு திரவம்போல் ஓடத் தொடங்கும் என்று 2015-இல் காட்டினார்கள். ஒழுங்கு ஐங்கோணத்துக்கும் அதே எண்தான். ‘இடமாற்றத் தடை’ என்று இதை எழுதிப் பாருங்கள், ஏதோ நீதிமன்ற ஆணை மாதிரி இருக்கும்.

பலகோணத்தின் ‘vertex’-க்கு ‘முனை’யா ‘உச்சி’யா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆனால் ‘உச்சி’ என்றால் மேலே இருப்பது என்ற நினைப்பு வரும், சரிதானே?

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ‘அண்டைமாற்று’ என்றே ஏற்றிவிடுகிறேன்.

பசுமலையிலிருந்து