தங்கைக்கு எந்தக் கல்லூரி செட் ஆகும்? விடுதியில் இருந்து படித்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். தங்கைக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. படிப்பு, கட்டணம், வேலைவாய்ப்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், அதை விடுங்கள். அங்கிருக்கும் பிள்ளைகளோடு இவள் ஒட்டுவாளா என்பதுதான் என் கவலை.

சட்டென்று யாரிடமும் பேசிவிட மாட்டாள். பழகிவிட்டால் வாய் மூடாது! முதல் கல்லூரி ரொம்பப் பெரியது, கிளப்புகளும் ஏகப்பட்டது. ஆனால் பெரும்பாலானவர்கள் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். சாயங்காலம் பஸ்கள் கிளம்பியதும் வளாகமே வெறிச்சோடிவிடுகிறது. இன்னொன்று சின்னது, எல்லாரும் விடுதி, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அங்கே ஒரு செட்டோடு முட்டிக்கொண்டால் ஒதுங்க வேறு இடமில்லையே என்றும் பயமாக இருக்கிறது.

சுற்றிக்காட்ட வந்த மாணவர்கள் நிர்வாகம் அனுப்பியவர்கள், நல்லதைத்தானே சொல்வார்கள்? அதனால் பெரிய கல்லூரி கேண்டீனில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். முதலாண்டுப் பிள்ளைகள் தனி மேஜை, சீனியர்கள் தனி மேஜை. இது எல்லா இடத்திலும் இப்படித்தானா?

விடுதியில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: சனி, ஞாயிறு எப்படிப் போகும்? கிளப்புகளை நிஜமாகவே மாணவர்கள்தான் நடத்துகிறார்களா? சீனியர் தொல்லை என்று புகார் கொடுத்தால் நடவடிக்கை எடுக்கிறார்களா, அமுக்கிவிடுகிறார்களா? கூச்ச சுபாவத்தோடு போய்ச் சேர்ந்தவர்களுக்கு முதல் நட்பு எங்கே அமைந்தது, வகுப்பிலா, அறையிலா?

வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். "போனா எல்லாம் பழகிடும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதை வீட்டில் அப்பா தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.