பொருள்: ஒரே வாக்கியத்தில் இரண்டு 'உணவுப் பாதுகாப்பு'. திங்களுக்குள் சொல் வேண்டும்

வெண்ணாறு:

அனைவருக்கும் வணக்கம். சத்துணவுச் சமையலர்களுக்கும் ரேஷன் கடை ஊழியர்களுக்குமான ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஃபுட் சேஃப்டி இல்லாமல் ஃபுட் செக்யூரிட்டி இல்லை என்று மூலத்தில் ஒரு வரி. நான் எழுதியது: 'உணவுப் பாதுகாப்பு இல்லாமல் உணவுப் பாதுகாப்பு இல்லை.' மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் 'இருமுறை வந்துள்ளது' என்று எழுதி, பின்பாதியை அடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

சட்டங்களின் பெயரைப் பார்த்தால் அங்கேயும் இதே கதை. கலப்படம், கெட்டுப்போன பண்டம், லேபிள் என்று பேசும் 2006ஆம் ஆண்டுச் சட்டமும் உணவுப் பாதுகாப்பு; முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் என்று பேசும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் உணவுப் பாதுகாப்பு. இந்தியிலும் இரண்டுக்கும் 'காத்ய சுரக்ஷா'தான். அங்கே கைமாற்று கேட்கவும் வழியில்லை.

நுண்ணுயிரி:

தம்பி, சொல்லைத் தேடுமுன் பொருளைப் பிரித்துவிடுங்கள். தட்டில் சோறு விழுமா என்பது செக்யூரிட்டி. விழுந்த சோறு வயிற்றைக் கெடுக்குமா என்பது சேஃப்டி. மழைக்காலத்துக்கு முன்பே கிடங்கு நிறைய நிலக்கடலை சேர்த்துவைத்திருக்கலாம். ஈரத்தில் பூசணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற பூசண நஞ்சு ஏறிவிட்டால், கிடங்கு நிறைந்திருந்தும் சாப்பிட ஒன்றும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. 'உணவுத் தூய்மை' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும் சோறே ஆளைக் கவிழ்க்கும். காலையில் வடித்ததை அண்டாவோடு மூடி மாலைவரை வெளியே வைத்தால், பசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியில் சாகாமல் தங்கியிருந்து, சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். 5 முதல் 60 டிகிரி வரைதான் அவற்றுக்குக் கொண்டாட்டம். அப்போது அது விடுகிற, வாந்தி வரவைக்கும் நஞ்சு திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. அண்டா சுத்தம், கரண்டி சுத்தம், கை சுத்தம், ஆனாலும் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். 'தீங்கின்மை' என்றால் பொருந்தும்.

வகுப்பறை:

அப்போது பழைய சோறு, அக்கா? எங்கள் வீட்டில் தினமும் அதுதான்.

நுண்ணுயிரி:

அது நீர் ஊற்றிப் புளிக்கவைப்பது. லாக்டிக் அமிலப் பாக்டீரியா புளிப்பை ஏற்றி, மற்றவற்றை அவ்வளவாகத் தலையெடுக்க விடாது. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். இழை திசை மாறுகிறது, சொல்லுக்கு வாருங்கள்.

புலவர்:

அன்பர்களே, 'உறுபசியும் ஓவாப் பிணியும் செறுபகையும் சேராது இயல்வது நாடு' என்கிறார் வள்ளுவர். பசி வராமை, பிணி வராமை, பகை வராமை என்று மூன்று கேடுகளை மூன்றாகவே எண்ணிச் சொன்னார். நாமோ ரேஷனும் பாதுகாப்பு, கலப்படத் தடுப்பும் பாதுகாப்பு, ராணுவமும் பாதுகாப்பு என்று மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம்.

செக்யூரிட்டிக்கு 'ஏமம்' என்ற அருஞ்சொல் கைவசம் இருக்கிறது. குறளில் வரும் 'ஏமப் புணை' என்றால் கரைசேர்க்கும் தெப்பம். உணவேமம் என்று புணர்த்தினால் எவ்வளவு அழகு! சேஃப்டிக்கு 'ஊறின்மை'. ஊறு என்பது தீங்கு. உணவேமம், உணவூறின்மை. முடிந்தது.

பழஞ்சொல்:

> உணவூறின்மை

ஐயா, இதைப் படிக்கிறவர்களுக்கு வாயில் ஊறுவதுதான் நினைவுக்கு வரும். 'ஊறுகாய்' பக்கத்திலேயே நிற்கிறது.

ஏமத்துக்கும் ஒரு கேள்வி. அது சேமம் என்பதன் தலை போன வடிவம், சேமம் வடமொழி க்ஷேமம் என்று ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சி. தூய தமிழ் என்று பாதுகாப்பை விட்டு ஓடிப்போய் க்ஷேமத்தின் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்.

புலவர்:

அது தலைகீழ்ப் பாடம். 'ஏமுறுதல்' தமிழில் வேரோடும் விழுதோடும் நிற்கும் சொல். ஏமமே வடக்கே போய்ச் சகரம் ஏறித் திரும்பியிருக்கக் கூடாதா? தொல்காப்பியத்தில் சகரம் சொல்முதலில் வருவதைப் பற்றிய 'சகரக் கிளவியும் அற்றோரற்றே' என்ற நூற்பாவை எடுத்துக்கொண்டு...

(இதற்குப் பின் நீண்ட விளக்கம். தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன், விருப்பம் உள்ளவர்கள் அங்கே தொடரலாம். - மட்டுறுத்துநர்)

பழஞ்சொல்:

வேர் எங்கிருந்தாலும் போகட்டும். 'பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம்' என்ற குறளில் ஏமத்துக்குப் பரிமேலழகர் தரும் பொருள் காவல். அங்கே சோற்றுக்கு 'விளைவு' தனியாக நிற்கிறது. நீங்கள் காட்டிய வள்ளுவரே ஏமத்தைச் சோற்றுப் பக்கம் வைக்கவில்லை, ஐயா.

லத்தீனில் பார்த்தால் செக்யூரிட்டி என்பது 'சே' (இல்லாமல்) + 'கூரா' (கவலை). கவலையில்லாத நிலை. சேஃப் என்பது 'சல்வுஸ்', பழுதுபடாத முழுமை. ஆக இரண்டு சொல்லும் பிறந்த இடத்திலேயே வேறு. 'சோத்துக்குக் கவலையில்லை' என்று நம் ஊரில் சொல்வது இந்த 'சே-கூரா'தானே! 'பசியின்மை' என்றே வைத்துவிடலாமே?

நுண்ணுயிரி:

பசியின்மை என்பது டாக்டர் சீட்டில் எழுதுகிற நோய்க்குறி. 'அரசு அனைவருக்கும் பசியின்மையை உறுதிசெய்கிறது' என்று அச்சானால் முதலில் உங்களைத்தான் தேடுவேன்.

வல்லைவெளி:

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு வார்த்தை. 'உணவேமம்' என்று கடை வாசலில் எழுதிப்போட்டால் சனம் 'ஏமாற்றம்' என்றுதான் வாசிக்கும். கடைக்கு அரிசி வராத நாளில் அது பொருத்தமாகவும் இருக்கும்.

இங்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்தான் கடைகளுக்கு வந்து பார்ப்பார். ஆகவே சேஃப்டி என்றால் 'சுகாதாரம்' என்றே பலருக்கும் விளங்கும். உணவுச் சுகாதாரம் என்று போடலாம்தானே?

நுண்ணுயிரி:

அண்ணா, சுகாதாரம் என்றால் கை கழுவுவது, தலைக்குத் துணி கட்டுவது என்று நின்றுவிடும். மாம்பழத்துக்குக் கார்பைடு கல் வைப்பது, மீனுக்கு ஃபார்மலின் அடிப்பது அதில் அடங்காது.

புதுவைக்காரன்:

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. 'செக்யூரிதே அலிமாந்தேர்' என்று செக்யூரிட்டிக்கு வைத்துக்கொண்டார்கள். சேஃப்டிக்குப் புதுச் சொல் ஒன்றும் செய்யவில்லை. அதே 'செக்யூரிதே'யோடு 'சானித்தேர்' (சுகாதாரம் சார்ந்த) என்று ஓர் அடைமொழி சேர்த்தார்கள். ஜெர்மானியர்களும் பின்பாதியைத் தொடவில்லை, முன்பாதியில்தான் உணவுக்கு வேறு வேறு சொல் வைத்தார்கள். நாம் எதற்குப் 'பாதுகாப்பு' என்ற பெயரோடே மல்லுக்கட்டுகிறோம்? ஒரு பக்கம் அடைமொழி போட்டால் போதும்.

வெண்ணாறு:

அடைமொழி யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் கையேட்டின் 3ஆம் பக்கத்தில் 1996 ரோம் உணவு உச்சி மாநாட்டின் வரையறை வருகிறது. எல்லாருக்கும் எப்போதும், போதுமான, சேஃபான, சத்தான உணவு கைக்கும் காசுக்கும் எட்டுவதே செக்யூரிட்டி என்பது அதன் சாரம். அதாவது ஒன்று இன்னொன்றின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. 'பாதுகாப்பான உணவு கிடைப்பதே உணவுப் பாதுகாப்பு' என்று எழுதினால் மெய்ப்பாளர் மறுபடி சிவப்புப் பேனாவை எடுப்பார். இரண்டில் ஒன்று பாதுகாப்பை விட்டுத்தான் ஆக வேண்டும்.

சிலர் 'உணவு உறுதி' என்று எழுதுகிறார்கள். அது எப்படி?

வகுப்பறை:

எனக்கு ஓகே. வேலை உறுதித் திட்டம் என்றுதான் நூறுநாள் வேலைக்குப் பெயர் வைத்தார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த 'உறுதி'. கிடைத்தே தீரும் என்ற பொருள் தானாக வந்துவிடும். சேஃப்டிக்கு உணவுப் பாதுகாப்பை விட்டுவிடலாம். ஓட்டலுக்குச் சோதனைக்கு வருகிறவரை உணவு பாதுகாப்பு அலுவலர் என்றுதானே செய்தித்தாளும் எழுதுகிறது.

வல்லைவெளி:

எங்களுக்கு உறுதி என்றால் காணி உறுதி. நீங்கள் பத்திரம் என்பீர்கள். 'உங்களிடம் உணவு உறுதி இருக்கிறதா?' என்று கேட்டால் பெட்டியைத் திறந்து கடதாசி தேடுவோம். இன்ஷூரன்ஸுக்கும் இங்கே காப்புறுதிதான். உங்கள் கையேடு தமிழ்நாட்டுக்கு என்றால் போடுங்கள். பொதுக் கலைச்சொல் என்று நம் குழும அட்டவணையில் ஏற்றுவதற்கு நான் உடன்படவில்லை.

புதுவைக்காரன்:

உணவுக்கு உறுதி சரி. எரிசக்தி, நீர், சமூகம் என்று செக்யூரிட்டி வரும் எல்லா இடத்திலும் உறுதியைப் போடுவீர்களா? 'சமூக உறுதி' என்றால் யாருக்கு என்ன புரியும்?

நுண்ணுயிரி:

அது அடுத்த கையேட்டின் கவலை. நான் உணவு உறுதி பக்கம். 'தீங்கின்மை' தோற்றதில் வருத்தம்தான், ஆனாலும் அலுவலர் சட்டையில் இருக்கிற பெயரை நாம் மாற்ற முடியாது.

பழஞ்சொல்:

களைத்துவிட்டேன். உறுதிக்கு என் வாக்கு.

வெண்ணாறு:

நன்றி. கையேட்டில் செக்யூரிட்டி 'உணவு உறுதி', சேஃப்டி 'உணவுப் பாதுகாப்பு'. 2013 சட்டத்தின் பெயரை மட்டும் அரசு எழுதுகிறபடியே விட்டு, 'இது உணவு உறுதி பற்றிய சட்டம்' என்று பக்கத்தில் ஒரு வரி சேர்க்கிறேன். ரோம் வரையறையில் 'தீங்கற்ற' என்று போட்டிருக்கிறேன், அக்கா. வல்லைவெளி அண்ணாவின் மறுப்பைக் குழும அட்டவணையில் அப்படியே பதியலாம்.

புலவர்:

கையேடு உங்களுடையது, முடிவும் உங்களுடையது. குழும அட்டவணையில் உறுதிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஏமம்' என்றும் இருக்கட்டும். பரிமேலழகர் காவல் என்றது நாட்டுக்கு. புணையைச் சொன்ன குறளுக்கு அது பொருந்தாது. பழஞ்சொல் அந்தக் குறளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பழஞ்சொல்:

தனி இழையில் சொல்கிறேன், ஐயா. புணையில் ஏமம் அடைமொழி.