செல் பிரிஞ்சதும் சிமுலேஷன் வெடிக்குது, யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

பிஎச்டி மூணாவது வருஷம், தாவரத் திசு மெக்கானிக்ஸ் மாடலிங், ரெண்டு மாசமா ஒரே எடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.

அராபிடாப்சிஸ் (ஆய்வுக்கு எடுக்கிற ஒரு சின்னச் செடி) தண்டு நுனி மெரிஸ்டெம், அதாவது செல் பிரிஞ்சு வளர்ற திசு, 2டி வெர்டெக்ஸ் மாடல் (ஒவ்வொரு செல்லும் ஒரு பலகோணம்), பைத்தான்ல நானே எழுதின கோடு. 40 செல்லுல ஆரம்பம், டர்கர் (செல்லுக்குள்ள இருக்கிற நீர் அழுத்தம்) எல்லாத்துக்கும் 0.5 மெகாபாஸ்கல், வளர்ச்சிக்கு லாக்ஹார்ட் 1965 சமன்பாடு (அழுத்தத்தால சுவர் எவ்வளவு வேகமா நீளும்னு சொல்றது), பிரிவுக்கு எர்ரேரா விதி, அதாவது செல் நடு வழியா போற ஆகக் குட்டிச் சுவர்.

மூணாவது சுற்று பிரிவு வரைக்கும் அழகா வளருது. அப்புறம் புதுச் சுவர் ஏதாவது பழைய ஜங்ஷனை (சுவர்கள் சந்திக்கிற புள்ளி) ஒட்டிப் போய் விழுந்தா அங்க ஒரு துக்கடா எட்ஜ் (சுவர்த் துண்டு) வருது, பத்திருபது ஸ்டெப்ல அது சுருங்கித் தலைகீழாத் திரும்பி செல் பரப்பு மைனஸ்ல போயிடுது. எபிடெர்மிஸ்ல (வெளி அடுக்கு செல்கள்) மட்டும்தான் இப்படி, உள்ள ஒரு வம்பும் இல்ல.

டைம்ஸ்டெப்பை பத்துல ஒண்ணாக் குறைச்சேன், வெடிப்பு தள்ளிப்போச்சே தவிர நிக்கல. இம்ப்ளிசிட் சால்வர் (பெரிய ஸ்டெப்புக்கும் தாங்குற கணக்கு முறை) போட்டும் பாத்தேன், அதே கதை. பழைய சுவரை வெட்டும்போது ரெஸ்ட் லெங்த்தையும் (இழுவை இல்லாதப்போ சுவரோட நீளம்) அதே விகிதத்துலதான் பிரிக்கிறேன். லேப்ல ஒருத்தர் டி1 மாற்றம் (குட்டி எட்ஜ் சுருங்கினதும் செல்கள் பக்கத்து செல்லை மாத்திக்கிறது) போடச் சொன்னார், அது விலங்கு செல்லுக்குங்க, தாவர செல் பக்கத்து செல்லோட சுவரால ஒட்டிக்கிட்டு இருக்கு, எடம் மாறாது.

புதுச் சுவரோட முனையை பழைய ஜங்ஷன்லேர்ந்து குறைஞ்சது எவ்வளவு தள்ளி வைக்கணும்னு நீங்க எப்படி முடிவு பண்றீங்க?