அப்பா கார்டு பின்னாடி இருந்த சிவிவி நம்பரை சுரண்டிட்டாரு, இப்ப என்ன பண்றது?

மதுரைக்காரன்:
யாரோ வாட்ஸ்அப்ல அனுப்புனாங்கன்னு அப்பா டெபிட் கார்டு பின்னாடி இருந்த மூணு நம்பரை பிளேடு வச்சு சுரண்டிட்டாரு. ஏடிஎம்ல பணம் நல்லா வருது, பெட்ரோல் பங்க்லயும் ஓகே, ஆனா டிரெயின் டிக்கெட் போட போனா சிவிவி கேக்குது. பேங்க்ல கேட்டா எங்களுக்கே தெரியாது சார்னு சொல்றாங்க, அவங்க குடுத்த கார்டு அவங்களுக்கு எப்படி தெரியாம போகும்? ஏடிஎம்ல கேக்காத நம்பரை இங்க மட்டும் எதுக்கு கேக்குறான்னும் புரியல.

ரிட்டயர்டு கேஷியர்:
தம்பி, பிராஞ்ச்ல சொன்னது உண்மைதான், உங்கள தட்டிக்கழிக்கல. அந்த நம்பர் எந்த லெட்ஜர்லயும் எழுதி வச்சிருக்கறது இல்ல. கார்டு நம்பர், எக்ஸ்பைரி தேதி, பேங்க்கோட ரகசிய கீ இதெல்லாம் சேர்த்து ஒரு கணக்கு போட்டு வர்ற நம்பர் அது, நீங்க டைப் பண்ணும்போது சர்வர் அதே கணக்கை திரும்ப போட்டு ஒத்துவருதான்னு பாக்கும், அவ்ளோதான். அதனாலதான் ரினியூ ஆகி அதே கார்டு நம்பரோட புது கார்டு வந்தாலும் தேதி மாறுறதால சிவிவியும் மாறிடுது. கவுன்டர்ல உக்காந்திருக்கறவருக்கு அதை பாக்க வழியே கிடையாது.

ஏடிஎம்ல கார்டே மெஷினுக்குள்ள போகுது, பின் நம்பரும் போடுறீங்க. ஆன்லைன்ல கார்டு யார் கையில இருக்குன்னு கடைக்காரனுக்கு எப்படி தெரியும், அதுக்குத்தான் இது. கடைக்காரன் பணம் எடுத்தப்புறம் இந்த நம்பரை சேவ் பண்ணி வைக்கக்கூடாதுன்னு கார்டு கம்பெனிங்க ரூல் இருக்கு.

சிப்_சிவா:
இதுல ஒரு சுவாரசியம், ஒரே கார்டுல இந்த மாதிரி மூணு நம்பர் இருக்கும். கருப்பு பட்டையில ஒண்ணு, சிப்புக்குள்ள வேற ஒண்ணு, வெளிய அச்சடிச்சது வேற. ஏடிஎம்ல ஸ்கிம்மர்னு ஒரு திருட்டு மெஷின் வச்சு பட்டையை காப்பி அடிச்சவனுக்கு அச்சடிச்ச நம்பர் கிடைக்காது, அதனாலதான் ஹோட்டல்ல கார்டை உள்ள எடுத்துட்டு போறவன் ரெண்டு பக்கமும் போட்டோ எடுக்குறான். விசா சிவிவி2ன்னு சொல்லுவான், மாஸ்டர்கார்டு சிவிசி2ன்னு சொல்லுவான், ரெண்டும் மூணு டிஜிட். அமெக்ஸ் மட்டும் முன்பக்கம் நாலு டிஜிட்.

கோவை குசும்பன்:
ஓடிபி இருக்கும்போது சிவிவி போனா என்ன போகாட்டி என்ன ப்ரோ, சும்மா பயமுறுத்திட்டு

சிப்_சிவா:
@கோவை குசும்பன் இங்க உள்ள சைட்டுக்கு சரி, 2009ல இருந்தே ஆர்பிஐ ஓடிபி மாதிரி ரெண்டாவதா ஒரு சரிபார்ப்பு கட்டாயம்னு சொல்லிருக்கு. வெளிநாட்டு சைட் நிறைய ஓடிபியே கேக்காது. எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு டாலர்ல காசு போச்சு, ஒரு ஓடிபி வரல, காலைல மெசேஜ் பாத்துதான் தெரியும். அன்னைக்கே பேங்க்ல கம்ப்ளெயின்ட் போட்டதால திரும்ப வந்துச்சு. நம்ம தப்பும் பேங்க் தப்பும் இல்லாம வெளில எங்கயோ லீக் ஆகி போனா, மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நமக்கு நஷ்டம் இல்லன்னு 2017 ஆர்பிஐ சர்க்குலர்ல இருக்கு, நாமளே போன்ல நம்பர் சொல்லியிருந்தா அது பொருந்தாது. சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கும் உடனே போன் அடிச்சிடுங்க. அதைவிட முக்கியம், பேங்க் ஆப்ல கார்டோட இன்டர்நேஷனல் பேமென்ட்டை ஆஃப் பண்ணி வைங்க.

ரிட்டயர்டு கேஷியர்:
மதுரை தம்பி, சுரண்டுனது தப்பு இல்ல, நானும் அப்படித்தான் பண்ணி வச்சிருக்கேன், ஆனா மனப்பாடம் பண்ணிட்டு சுரண்டணும். சில பேங்க் ஆப்லயே கார்டு விவரத்துல சிவிவி காட்டும், முதல்ல அங்க பாருங்க. இல்லன்னா பழசை பிளாக் பண்ணி புது கார்டு அப்ளை பண்றதுதான் வழி, சின்னதா சார்ஜ் எடுப்பாங்க. குத்துமதிப்பா நம்பர் போட்டு பாக்காதீங்க, சில தடவை தப்பானா கார்டு லாக் ஆகலாம்.

மதுரைக்காரன்:
ரொம்ப நன்றி சார். ஆப்ல இல்ல. அப்பாகிட்ட கேட்டா சுரண்டுறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிட்டாராம், ஹால்ல தொங்குற காலண்டர்ல. பக்கத்துலயே பின் நம்பரும் இருக்கு 🤦

கோவை குசும்பன்:
டிக்கெட்டை போட்டுட்டு பின்னை மாத்துங்க ப்ரோ, அப்படியே காலண்டரையும்