களப்பணியில் 6 நாள் குறைகிறதாம், தேர்வு எழுத முடியாதாம். அவசர உதவி!

இரண்டாம்பெஞ்ச்:
வணக்கம். சமூகப்பணி படிக்கிறேன். களப்பணி வருகையில் எனக்கு 6 நாள் குறைகிறது என்று இன்று மாலை சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் சரி செய்யாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாதாம். நான் ஒரு நாள் கூட லீவு போடவில்லை. கையெழுத்து மட்டும்தான் இல்லை. துறைத் தலைவருக்கு (ஹெச்.ஓ.டி.) கடிதம் எழுதினால் ஏற்பார்களா? யாராவது உடனே சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
இளங்கலையா (பி.எஸ்.டபிள்யூ.), முதுகலையா (எம்.எஸ்.டபிள்யூ.)? எத்தனையாவது செமஸ்டர்? வாராந்திரக் களப்பணியா, தொடர்ந்து சில வாரம் ஒரே இடத்தில் செய்யும் பிளாக் பிளேஸ்மென்ட்டா? கையெழுத்துப் போட வேண்டியவர் ஏஜென்சி (களப்பணி நடக்கும் நிறுவனம்) சூப்பர்வைசரா, கல்லூரி ஆசிரியரா? இது தெரியாமல் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்காகத்தான் இருக்கும்.

மணல்மேடு:
ஃபீஸ் பாக்கி இருக்கிறதா பாருங்கள் தம்பி. பல இடங்களில் காரணம் அதுதான், வெளியே வேறு ஏதாவது சொல்வார்கள். அதைக் கட்டினால் நாள் கணக்கெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

உப்பளம்:
வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் காண்டொனேஷன் கட்டணம் இருக்கிறதே. ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கிச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

ஆலமரம்:
உப்பளம், வகுப்பு வருகைக்கு உள்ளதைக் களப்பணிக்குச் சொல்லாதீர்கள். நோயே இல்லாதவருக்கு நோய்ச் சான்று வாங்கச் சொல்வது அதைவிடத் தவறு.

கேள்வி கேட்டவருக்கு: 22 வருடமாகக் களப்பணி மாணவர்களைப் பார்க்கிறேன். களப்பணி என்பது தனிப் பாடம், தனித் தேர்ச்சி. மற்றத் தாள்களில் எவ்வளவு மார்க் வாங்கினாலும் அதை ஈடுகட்ட முடியாது. முதல் வாரமே களப்பணிக் கையேடு கொடுத்திருப்பார்களே, பிரித்துப் பார்த்தீர்களா? கல்லூரியில் படிக்கிறவருக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. வருத்தமாக இருக்கிறது.

இரண்டாம்பெஞ்ச்:
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் செமஸ்டர். ஃபீஸ் பாக்கி இல்லை. அப்புறம், நான் தம்பி இல்லை அண்ணா, தங்கை.

திங்கள், செவ்வாய் களப்பணி, முதியோருக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில். கேஸ் வொர்க்கிற்கு (ஒரு தனிநபருக்கு நேரடியாக உதவும் பணி) எனக்குக் கிடைத்தவர் தனியாக இருக்கும் ஒரு பாட்டி. காலில் சர்க்கரைப் புண் முற்றி அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். கூட இருக்க ஆள் இல்லை. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் வருமானச் சான்று வாங்குவது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுப்பது, வார்டு என்று மூன்று வாரம் இரண்டு நாளும் நேராக அங்கேயே போய்விட்டேன். கட்டு மாற்றும்போது என் துப்பட்டா நுனியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அந்த நேரத்தில் எழுந்து ஏஜென்சிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வர மனம் வரவில்லை. ஏஜென்சியில் என் சூப்பர்வைசரான அக்கா போனில் சரி என்றுதான் சொன்னார். போன மாதம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் பதிவேட்டில் என் பெயர் இல்லை என்கிறார்.

பாட்டியின் அட்மிஷன் சீட்டைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இங்கே போடட்டுமா?

காவிரிக்கரை:
போடாதீர்கள். இங்கே மட்டுமில்லை, கடிதத்தோடும் இணைக்க வேண்டாம். கேஸ் வொர்க்கிற்கு பீஸ்டெக் வகுத்த ஏழு கொள்கைகளில் இரகசியம் காத்தலும் ஒன்று. நாளைக்கு வைவாவில் (வாய்மொழித் தேர்வு) உங்களிடமே அதைக் கேட்பார்கள்.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதற்குத் தாளில் தடயம் வேண்டும். அந்த 6 நாளுக்கும் களப்பணி ரிப்போர்ட் எழுதினீர்களா? ஆசிரியரோடு தனியாக நடக்கும் ஐ.சி. சந்திப்பில் அவர் படித்துத் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தால் அதுவே பெரிய சாட்சி. வேலையை விட்டுப் போன அக்காவை இன்றே கூப்பிடுங்கள். இந்தத் தேதிகளில் என் ஒப்புதலோடு மருத்துவமனைக்குப் போனார் என்று துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். கடிதத்தில் மன்னித்துவிடுங்கள் என்று கேட்காதீர்கள். சாட்சி இல்லாத நாட்களுக்கு ஈடாக விடுமுறையில் களப்பணி செய்ய அனுமதி கேளுங்கள். பொதுவாக அதற்கு வழி இருக்கும்.

மணல்மேடு:
தங்கச்சி, அடுத்த வருடம் சிறப்புப் பிரிவாகப் பேசாமல் ஹெச்.ஆர். (மனிதவளம்) எடுத்துவிடு. தொழிற்சாலை வாசலில் பஞ்ச் வைத்தால் வருகை பதிவாகிவிடும். இந்தத் தொல்லையே இல்லை.

ஆலமரம்:
ஹெச்.ஆரைச் சமூகப்பணியின் கீழ் வைத்ததே பிழை. நிர்வாகம் சம்பளம் கொடுக்கும், நிர்வாகம் சொல்வதைச் செய்ய வேண்டும். ஹெச்.ஆர்.காரர் யாருக்காகப் பேசுவார்?

மணல்மேடு:
ஐயா, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர் நல அலுவலர் வேண்டும் என்றது. சமூகப்பணி படித்த எத்தனையோ பேர் அந்த வழியாகத்தான் உள்ளே போனார்கள். நானும்தான். கேண்டீன் சாப்பாட்டிலிருந்து குழந்தைக் காப்பகம் வரை போராடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அது சமூகப்பணி இல்லையா?

நீலக்குறிஞ்சி:
அந்தப் பெண் மருத்துவமனையில் உட்கார்ந்ததைப் பற்றி எழுதியிருக்கிறார், நீங்கள் தொழிற்சாலைக்குள் போய்விட்டீர்கள். தங்கச்சி, இந்த வேலை உனக்குப் பிடித்திருந்தால் மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக் (மருத்துவம், மனநலம்) பிரிவை எடு. ஆனால் ஒன்று தெரிந்துகொள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர் எனப்பட எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது. அதே துறையில் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில் பட்டமும் வேண்டும்.

ஆலமரம்:
எம்.ஃபில்லைப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022லேயே நிறுத்திவிட்டது. தெரியாமல் மாணவர்களைக் குழப்பாதீர்கள்.

நீலக்குறிஞ்சி:
தெரிந்துதான் சொல்கிறேன் ஐயா. பொதுவாக நிறுத்தினார்கள். கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கையை நீட்டித்தார்கள். இவர் முடித்து வரும்போது எந்தப் படிப்பு நடைமுறையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தின் அட்டவணையிலும் மருத்துவச் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள்.

ஆலமரம்:
நீட்டிப்பை நான் கவனிக்கவில்லை. சரி. ஆனால் வழக்கறிஞர்களுக்கு பார் கவுன்சில் இருப்பது போல நம் தொழில் முழுவதற்கும் ஒரு கவுன்சில் வராமல் இந்தப் பெயர்க் குழப்பம் தீராது. அதைச் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

காவிரிக்கரை:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இரண்டாம்பெஞ்ச், அக்காவிடம் பேசினீர்களா? நாளை வெள்ளிக்கிழமை, அலுவலகம் மூடுவதற்குள் போய்விடுங்கள்.

உப்பளம்:
சர்ட்டிபிகேட் யோசனையை நான் திரும்பப் பெறுகிறேன். அவசரத்தில் சொல்லிவிட்டேன்.

இரண்டாம்பெஞ்ச்:
அக்கா நேற்று இரவே மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். ஆசிரியர் கையெழுத்திட்ட ரிப்போர்ட் 4 நாளுக்கு இருந்தது, அதை ஏற்றுக்கொண்டார்கள். வார்டில் இருந்த 2 நாளுக்கு நான் எழுதவே இல்லை. அதற்கு ஈடாக அடுத்த இரண்டு சனிக்கிழமை போக வேண்டும். ஹால் டிக்கெட் உண்டு. பாட்டி வீட்டுக்கு வந்துவிட்டார். எல்லாருக்கும் நன்றி, படிக்கப் போகிறேன்.

ஆலமரம்:
நல்லது. அந்த விட்டுப்போன 2 நாளையும் நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள், மார்க் கிடைக்காவிட்டாலும்.

நீலக்குறிஞ்சி:
தங்கச்சி, ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. அடுத்த செமஸ்டரில் ஏஜென்சி மாறிவிடும். பாட்டியிடம் அதைச் சொல்லிவிட்டாயா? கட்டு மாற்ற இனி யார் கூடப் போகிறார்கள்?