புதுப்பிப்பு: நாகர்கோவிலிலிருந்து மணாலிக்கு, பனிச் சாலைக்கான வண்டியும் டயரும்

ஜனவரியில் மணாலி செல்ல நான்கு சக்கர இயக்க வண்டியை (எஞ்சின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்வது) வாடகைக்கு எடுக்க வேண்டுமா, எங்கள் முன்சக்கர இயக்கக் காரே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. சொந்தக் காரிலேயே நலமாகச் சென்று திரும்பினோம்.

நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப மட்டுமே உதவும், நிறுத்துவது டயர்தான் என்று தக்கலை அண்ணாச்சி எழுதியதே முடிவைத் தீர்மானித்தது. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கான குளிர்கால டயர் நம் மாவட்டத்தில் நான் விசாரித்த கடைகளில் இல்லை, கிடைத்தாலும் அந்த மென்மையான ரப்பர் ஆரல்வாய்மொழி வெயிலில் விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே அவர் சொன்னபடியே, பள்ளம் தேயாத டயர்களுடன் புறப்பட்டு, மணாலியில் பனிச் சங்கிலியை (பனியில் பிடிமானத்துக்காக டயரைச் சுற்றி மாட்டுவது) வாடகைக்கு எடுத்து, எஞ்சின் விசை செல்லும் முன்சக்கரங்களில் மாட்டினோம். மணாலிக்கு அருகிலுள்ள சோலாங் பள்ளத்தாக்குச் சாலை ஏற்றத்தில் வழுக்கவில்லை. பனியில்லாத தார்ச்சாலை வந்தவுடன் சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் டயரும் சங்கிலியும் சேர்ந்து கெடும்.

யாரும் சொல்லாதது காற்றழுத்தம். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. இறங்கும் என்பதால், இங்கே சரியாக நிரப்பிய டயர் அங்கே காலையில் தளர்ந்திருந்தது. வண்டி ஓடுமுன் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கண்ணாடி கழுவும் தொட்டியில் வெறும் தண்ணீர் உறைந்துவிடும், உறையாத திரவமே வேண்டும்.