ஓசூர் – ராயக்கோட்டை – தருமபுரி: பழைய அம்பாசடருக்கு ஹைவேயா, உள்வழியா?

தகடூரான்:
மார்க் 2 அம்பாசடர் கார் ஒண்ணு, பிரீமியர் பத்மினி கார் ஒண்ணு, ரெண்டு நாள் பயணம். ஓசூர், தொரப்பள்ளி (ராஜாஜி பிறந்த வீடு, இப்போ நினைவில்லம்), ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பெண்ணேஸ்வரமடம், தருமபுரி, அதியமான்கோட்டை, கடைசியா சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கிற பாப்பாரப்பட்டி. என் கட்சி இதுதான்: ஹைவேயை, அதாவது என்.எச்.44ஐ, முடிஞ்சவரை தொடவே கூடாது. 60க்கு மேல மிதிக்கக் கூடாத வண்டியை ஆம்னி பஸ்ஸுக்கும் டிரெய்லருக்கும் நடுவுல விட்டு என்ன பார்க்கப் போறோம்? பைபாஸ்ல காவேரிப்பட்டணம்ங்கிற பச்சைப் பலகைதான் தெரியும்.

ஸ்பேனர்14:
நீங்க ஊர் பார்ப்பீங்க, இன்ஜின் என்னத்தைப் பார்க்கும்? 55ல சீரா ஓடுற வண்டிக்கு ரேடியேட்டருக்குக் காத்து தானா வரும். உள்வழியில ஸ்பீடு பிரேக்கர், சந்தை, ராயக்கோட்டையில தக்காளி லோடு, மே ஜூன்ல மாங்கா டிராக்டர். எல்லாமே ரெண்டாவது கியர். இந்த வண்டிகள்ல ஃபேன், பெல்ட்டுல சுத்துறது. ஐடில்ல காத்து இழுக்காது. டெம்பரேச்சர் முள்ளு ஏறும், நிறுத்துவீங்க, நிறுத்தினதும் வேப்பர் லாக் (பெட்ரோல் பைப்புக்குள்ளயே கொதிச்சு ஆவியாகி, கார்ப்பரேட்டருக்குப் போகாம நிக்கறது). ஹைவேயில போய் ஊருக்கு ஊர் இறங்கிப் பார்த்துட்டு ஏறுங்க.

தகடூரான்:
சூடு ஏறினா பழி ரோட்டு மேல இல்லைங்க, ரேடியேட்டர் மேல. கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ரேடியேட்டரைக் கழட்டி ராடு விட்டுச் சுத்தம் பண்ணணும். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் ரெண்டும் புதுசு. கீழ் ஹோஸ் உள்ள ஸ்பிரிங் இல்லன்னா வேகத்துல சப்பிக்கும், அதை யாரும் பார்க்கிறதே இல்லை. ஃபேன் பெல்ட் நடுவுல அழுத்தினா 13 மி.மீ. இறங்கணும். வாட்டர் பாடியில (தண்ணியைச் சுத்தவிடற பம்ப்) சொட்டு இருந்தா பயணமே வேண்டாம். இன்ஜின் சூடாகிற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாத வால்வுதான் தெர்மோஸ்டாட், அதைக் கழட்டி எறியச் சொல்ற மெக்கானிக் பேச்சைக் கேக்காதீங்க. ஓசூர் காலைக் குளிர்ல வண்டி சூடேறாம சோக்லயே (பெட்ரோலைக் கூட்டி விடறது) ஓடும், பெட்ரோல் ஆயில்ல கலக்கும், அடைச்ச ரேடியேட்டர் அடைச்சபடியே இருக்கும்.

பத்மினி1100:
ரெண்டு பேருமே வேப்பர் லாக்கைக் கும்பிடறீங்க. சூட்டுல நின்ன வண்டியில பாதிக்கு மேல குற்றவாளி, டிஸ்ட்ரிபியூட்டர்ல ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடற பாயிண்ட்டைக் கருகாம காக்கிற கண்டன்சர்தான்னு நான் சொல்வேன். கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் போதும். கார்ப்பரேட்டருக்குப் போற பைப்பைக் கழட்டி, நுனியை ஒரு பாட்டில்ல விட்டு, காயில் ஒயரை எடுத்துட்டு செல்ஃப் அடிங்க. பெட்ரோல் விட்டு விட்டுத் தெறிச்சு வந்தா பம்ப் நல்லாருக்கு. குமிழியும் காத்துமா வந்தா வேப்பர் லாக். பெட்ரோல் வருதுன்னா பாட்டிலை மூடித் தூர வெச்சுட்டு, பைப்பை மாட்டி, சிந்தினதைத் துடைச்ச பிறகு ஸ்பார்க் பாருங்க. நீலமா சொடுக்கணும், மஞ்சளா மெலிஞ்சு வந்து பாயிண்ட் முகமும் கருகியிருந்தா கண்டன்சர் போச்சு. டாஷ்ல ரெண்டு கண்டன்சர், ஒரு பாயிண்ட் செட், ரோட்டார், இடைவெளி அளக்க ஃபில்லர் கேஜ் இருக்கட்டும். அம்பாசடருக்கு பாயிண்ட் இடைவெளி 15 தவ் (அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சதுல 15), பிளக்குக்கு 25 தவ்.

ஸ்பேனர்14:
கண்டன்சரை மறுக்கலை. ஆனா இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை ஊறவெச்சு உதிர்க்கும். இன்ஜின்ல ஓடற ஏசி பெட்ரோல் பம்ப்போட டயாஃப்ரம் (உள் சவ்வு) கிழிஞ்சா பெட்ரோல் நேரா ஆயில் இருக்கிற சம்ப்புக்குள்ள இறங்கும். ஆயில் அளவு கூடுறது, டிப்ஸ்டிக்ல பெட்ரோல் வாடை, இதுதான் அடையாளம். அப்படியே ஓட்டினா பேரிங் போயிரும். பேசாம டேங்க் பக்கத்துல எலக்ட்ரிக் பம்ப் போட்டுடுங்க. தள்ளிவிடற பெட்ரோல் லேசுல கொதிக்காது.

பத்மினி1100:
போடலாம். கடையில முதல்ல எடுத்துக் காட்டற பம்ப்பைப் போட்டா அழுத்தம் கூடி, கார்ப்பரேட்டர்ல பெட்ரோலை அடைக்கிற ஃப்ளோட் ஊசியைத் தூக்கிட்டு, பெட்ரோல் சூடான மேனிஃபோல்டு (புகை வெளியேறற குழாய்) மேலயே வழியும். 2.5 – 3 பி.எஸ்.ஐ. தாண்டாத பம்ப்தான் வேணும், கூடவே மோதினா கரண்டைத் துண்டிக்கிற இனர்ஷியா சுவிட்ச். அதுக்கு முன்னாடி சும்மா செய்யக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு: பைப்பை மேனிஃபோல்டை விட்டு ஒதுக்கி வளைச்சு, நடுவுல ஒரு தகடு வைங்க. பம்ப் மேல ஈரத்துணி போடறது அடுத்த ஊர் வரைக்கும்தான்.

ஓசூர்க்காரன்:
அண்ணா, எல்லாரும் பானட்டுக்குள்ளயே தலையை விட்டிருக்கீங்க. சக்கரத்தை யார் பார்க்கிறது? ஓசூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் கிட்ட, கிருஷ்ணகிரி 500. ஹைவேயில வந்தா மேலுமலை கிட்ட இறக்கம், பின்னாடி லோடு லாரி. நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக், மிதியை லேசாக்கற சர்வோ கிடையாது, மாஸ்டர் சிலிண்டர் ஒத்தை சர்க்யூட். ஒரு வீல் சிலிண்டர் கப் போனா நாலும் போச்சு. இதுக்காகத்தான் நானும் உள்வழிக் கட்சி. உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை வழியிலயும் இறங்கத்தான் போறோம், ஆனா மெதுவா இறங்க இடம் கிடைக்கும். அது சரி, ரெண்டாவது நாள் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியா ஒகேனக்கல் சேர்த்துக்கலாமா?

ஸ்பேனர்14:
தம்பி, அஞ்செட்டி ரோடு யானைக்காடு. பாயிண்ட் மாத்த இறங்கி நிக்கற இடமா அது? நல்ல கண்டிஷன் வண்டின்னாலும் காலையில மட்டும்தான். ஒகேனக்கல் போயே ஆகணும்னா பென்னாகரம் வழி. அங்கயும் கடைசி இறக்கம் கொண்டை ஊசி.

இறக்கம்னா முறை இருக்கு. வளைவுக்கு முன்னாடியே ரெண்டாவது கியர். ஓடுற வண்டியில முதல் கியர் விழாது, அதுக்கு சிங்க்ரோ (கியர் பல்லுகளோட வேகத்தை ஒண்ணாக்கற அமைப்பு) கிடையாது. கரகரன்னு பல்லைத்தான் தேய்ப்பீங்க. பிரேக்கை அழுத்திப் பிடிச்சு விட்டுடணும், தேய்ச்சுக்கிட்டே வரக் கூடாது. மிதி கல்லாட்டம் இருந்தும் வண்டி நிக்கலன்னா லைனிங் சூடு, பஞ்சாட்டம் இறங்கினா பிரேக் ஆயில் கொதிக்குது. டாட் 3 பிரேக் ஆயில் புதுசுல 205 டிகிரி தாங்கும், ஈரம் குடிச்சதும் 140தான். ரெண்டு வருஷம் ஆயிருந்தா மொத்தமா மாத்துங்க. சூட்டோட ஹேண்ட் பிரேக் இழுக்காம சக்கரத்துக்குக் கட்டை வைங்க.

தகடூரான்:
தொப்பூர் கணவாய் இறக்கம்னு யாராவது கிளப்பறதுக்குள்ள சொல்லிடறேன்: அதியமான்கோட்டை தொப்பூருக்கு முன்னாடியே வந்துரும், கணவாயில இறங்கவே வேண்டாம். அங்க மதிலைத் தேடாதீங்க. சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபக் கூரையில இருக்கிற ஓவியத்தைப் பாருங்க. தேய்பிறை அஷ்டமி அன்னிக்கு மட்டும் வேண்டாம், காலபைரவர் கூட்டத்துல நகர முடியாம நின்னா ரேடியேட்டர் பத்தி ஸ்பேனர் சொன்னது பலிச்சுரும். தருமபுரி கோட்டைக் கோயில்ல தொங்கும் தூண் இருக்கு. ராயக்கோட்டை மலை, கிருஷ்ணகிரி மலை ரெண்டையும் ஒரே நாள்ல ஏறாதீங்க. 1791ல கிழக்கிந்தியக் கும்பினிப் படை ராயக்கோட்டையைப் பிடிச்சுது, கிருஷ்ணகிரியில முட்டி மோதித் திரும்புச்சு. படிக்கட்டைப் பார்த்தாலே ஏன்னு புரியும்.

ஓசூர்க்காரன்:
வின்டேஜ் வண்டிக்குத் தர்ற வி.ஏ. நம்பர் வாங்கினா இந்தப் பயணத்துக்குச் சௌகரியமா?

பத்மினி1100:
தலைகீழ். 2021 விதிப்படி அது 50 வயசு தாண்டின, ஒரிஜினல் வடிவத்துல இருக்கிற வண்டிக்கு. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னுதான் ரோட்டுல எடுக்கலாம், வழக்கமான ஓட்டத்துக்கு இல்லை. சுத்திப் பார்க்கப் போறவங்களுக்கு ரினியூ பண்ணின சாதாரண ஆர்.சி.தான் நல்லது.

அப்புறம், யாராவது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் கொண்டுவந்தா, கீழ் டிரன்னியன்ல (முன் சக்கரம் திரும்பற கீழ் மூட்டு) கிரீஸ் அடிக்காதீங்க. 90 நம்பர் கியர் ஆயில்தான் விடணும். கிரீஸ் மரை வரைக்கும் போகாது, மரை தேஞ்சு உடைஞ்சா சக்கரம் மடங்கிரும்.

ஸ்பேனர்14:
சரி, உள்வழியே போங்க. ஆனா காலை அஞ்சரைக்குக் கிளம்பி பதினொண்ணுக்குள்ள ஓட்டத்தை முடிக்கணும், மீதி சாயங்காலம் நாலுக்கு மேல. டிக்கியில 5 லிட்டர் தண்ணி, 1 லிட்டர் 20டபிள்யூ50, பெல்ட், ஹோஸ் கிளிப். டயர் ஓரத்துல நாலு இலக்கம் பாருங்க, கடைசி ரெண்டு தயாரிச்ச வருஷம். ஆறு வருஷம் தாண்டினா பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாத்துங்க.

தகடூரான்:
வெள்ளிக்கிழமை கிளம்பிடாதீங்க. அரசு அருங்காட்சியகம் அன்னிக்கு லீவு, நடுகல் பார்க்காம திரும்ப வேண்டியிருக்கும்.